அப்பா பெயரால் குறைந்த இன்சூரன்ஸ்

பென்லான்
ஞாயிறு பிற்பகல், நவம்பர்

அன்பு மகன் எமிருக்கு,

அம்மா எழுதுவது. அங்கே உனக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கும் காலம் தொடங்கியிருக்கும், நீயும் உன் கூட்டாளிகளும் நலமாக இருக்கிறீர்கள், இடுப்பு வலி தலைகாட்டவில்லை என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போகத்தான் ஆசை, இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா எந்நேரமும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார், நீயும் நியூசிலாந்தில் ஏதோ மலைக்குப் பின்னால் சிக்னல் இல்லாமல் இருக்கிறாய். பயப்படாதே, யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

உன் தங்கை மரெட் முதல் தடவையிலேயே கார் ஓட்டும் தேர்வில் தேறியது உனக்குத் தெரியும். கார்மார்தன் கல்லூரிக்கும், சனிக்கிழமை அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கும் போய்க்கொண்டிருந்த பஸ்ஸைக் கோடையோடு நிறுத்திவிட்டார்கள், அதனால் கார் இல்லாமல் முடியாது. அவள் சேர்த்த காசு பாதி, நாங்கள் பாதி போட்டு, டெல்வின் சித்தப்பாவுக்குத் தெரிந்தவரிடம் ஒரு பழைய சின்ன நீலக் கார் வாங்கினோம், ஆயிரத்து நானூறு பவுண்டு. பெரிய செலவு முடிந்தது என்று நிம்மதியாக இன்சூரன்ஸ் விலை பார்க்க உட்கார்ந்தோம். எமிர், கம்ப்யூட்டரில் வந்த தொகையைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூவாயிரத்துச் சொச்சம்! கார் விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளிய எங்க வைக்கணும்னு இவனுங்களுக்குத் தெரியலையா? இது ஒரு வருஷத்துக்கா, இல்ல அவ கிழவியாகிற வரைக்குமா?" என்றார். வேறு கம்பெனி பார்த்தோம், அது இன்னும் மேலே. ஒரு கம்பெனி விலையே சொல்லாமல் மன்னிக்கவும் என்று கதவைச் சாத்திவிட்டது. போனில் கூப்பிட்டுக் கேட்டால் ஸ்வான்சீயில் இருந்து ஒரு பையன், "அவங்களுக்குப் பதினேழு வயசு மேடம், அதான்" என்றான். பதினேழு வயசு என்ன குத்தமா தம்பி என்று கேட்டேன். "எங்க கணக்குல கொஞ்சம் குத்தந்தான் மேடம்" என்று அவனே சிரித்துவிட்டான். எனக்கு எங்கே சிரிப்பு வருகிறது, மரெட் மாடிப்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், காரையே திருப்பிக் கொடுத்துவிடலாம் அம்மா என்று மெல்லச் சொன்னாள்.

டெல்வின் வந்தால் சும்மா இருப்பானா. "இதுக்குப் போய் ஏன் அண்ணி மண்டைய உடைச்சுக்கிறீங்க? கார் அண்ணனோடது, ஓட்டுறது அண்ணன், பொண்ணு எப்பவாச்சும் தொட்டுப் பாக்கும்னு எழுதிக் குடுங்க. ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் பண்றான்" என்றான். நாளைக்கு அவ எங்கேயாவது மோதிட்டு நின்னா, பொய் எழுதிக் குடுத்தீங்கன்னு கம்பெனிக்காரன் கையை விரிச்சிடுவான், அப்ப நீ வந்து கட்டுவியா என்று கேட்டேன். இரண்டாவது கேக் துண்டை எடுத்துக்கொண்டான். கடைசியில் அந்த ஸ்வான்சீ பையன்தான் வழி சொன்னான். மரெட்டே முக்கிய ஓட்டுநர், உள்ளது உள்ளபடி. கூடவே எப்போதாவது ஓட்டுகிறவராக அனுபவம் உள்ள ஒருவர் பெயரைச் சேருங்கள், காரில் ஒரு கண்காணிப்புப் பெட்டி வைக்கச் சம்மதியுங்கள் என்றான். உன் அப்பா பெயரைச் சேர்த்ததும் அறுநூறு பவுண்டு இறங்கியது! இத்தனை வருஷத்தில் ஒரு கீறல், ஓர் அபராதம் கிடையாது, போதாததற்குப் பள்ளிக்கூட மினிபஸ் ஓட்டுகிறவர். பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் இறங்கி, பல்லைக் கடித்தால் கட்டிவிடலாம் என்கிற இடத்துக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் அலட்டல் தாங்கவில்லை. "அறுநூறு பவுண்டு ஆளு வந்திருக்கேன், டீய ஊத்து நெரிஸ்" என்பார்.

அந்தப் பெட்டி தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். கார் எவ்வளவு வேகம் போனது, எங்கே திடீரென்று பிரேக் அடித்தது என்று எல்லாவற்றையும் கம்பெனிக்குச் சொல்லிவிடும். மரெட் மடியில் முட்டைக் கூடை வைத்திருப்பவள் போல ஓட்டினாள், பின்னால் வருகிற டிராக்டர்காரர்களே ஹாரன் அடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள். அப்படியிருக்க அக்டோபரில் ஓர் எச்சரிக்கை வந்தது, பிரேக்கை அபாயகரமாக அடித்திருக்கிறார் என்று. சரி, புதுசு, ஆடு ஏதாவது குறுக்கே வந்திருக்கும் என்று விட்டேன். அடுத்த வாரம் இன்னொன்று. இன்னும் ஒரு முறை நடந்தால் இன்சூரன்ஸை ரத்து செய்துவிடுவோம் என்று. ரத்து என்றால் அதோடு போகாது எமிர், இனி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ரத்தானதைச் சொல்லியாக வேண்டும், யாரும் கிட்டே சேர்க்க மாட்டார்கள். கார் போனால் கல்லூரி போயிற்று, நர்ஸ் வேலைக் கனவும் போயிற்று. நான் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். போனைப் பார்த்துக்கிட்டு ஓட்டுறியா, யாரைக் கூட ஏத்திக்கிட்டுப் போற என்று என்னென்னவோ கேட்டேன். இல்லம்மா, இல்லம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். உன் அப்பா வேறு சாப்பாட்டு மேஜையில், "முன்னாடி போறவனுக்கு இடம் விடணும்மா, கண்ணு ரோட்டுலயே இருக்கணும்" என்று பாடம் நடத்தினார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். திமிர் என்று நினைத்தேன். அன்றிலிருந்து கார் சாவியையும் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க ஆரம்பித்தாள், அதற்கும் திட்டினேன்.

இரண்டு வாரம் முன்பு ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடச் சமையலறை வேலையில் பாத்திரம் கழுவி முடித்ததும், கெஞ்சியாவது பார்ப்போம் என்று கம்பெனிக்குப் போன் செய்தேன். பொறுமையான ஒரு பெண் பேசினாள். எங்கே, என்றைக்கு என்று அவளுடைய திரையில் பார்த்துப் படித்தாள். பிரேக் அடித்ததெல்லாம் புதன்கிழமை காலையில், லாம்பீட்டர் சாலையில், சில நாள் ஒரே பயணத்தில் மூன்று தடவை. சரி, சரி என்று கேட்டுக்கொண்டே வந்தவள், கிழமையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். புதன்கிழமை மரெட் காரை எடுப்பதே இல்லை. அன்று அவளுடைய தோழி லோயிஸ் வந்து கூட்டிப்போகிறாள், பெட்ரோல் மிச்சம். நம் பிக்கப் வண்டியை நான் வேலைக்கு எடுத்து வந்துவிடுவேன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, மரெட்டின் காரில் லாம்பீட்டருக்கு ஆட்டுத் தீவனம் வாங்கப் போவது உன் அப்பா. நன்றி சொன்னேனா இல்லையா என்று கூட நினைவில்லை, உடனே மரெட்டைக் கூப்பிட்டேன். முதலில் அவளிடமிருந்து அழுகைதான் வந்தது. பிறகு சொன்னாள், "போன மாசம் அவரோட போனேம்மா. இடது பக்கத்துல ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்துச்சு, எனக்கு நல்லாத் தெரியுது, அவருக்குத் தெரியல. நான் கத்துன அப்புறம்தான் பிரேக் அடிச்சாரு. கேட்டா வெயில் கண்ணுல அடிச்சுதுங்கிறாரு. அன்னிக்கு மேகமூட்டம்மா." ஏண்டி என்கிட்ட சொல்லல என்றேன். "அவர் பேர எடுத்தா இன்சூரன்ஸ் ஏறிடும். அதுகூடப் பரவாயில்ல. பஸ் வேலை போயிட்டா அவர் என்னம்மா பண்ணுவாரு? சாவிய ஒளிச்சு வச்சாப் போதும்னு நெனச்சேன். இன்னிக்கு மறந்துட்டேன்."

சாவியை ஒளித்தாள், சின்னக் கார் சரி. மினிபஸ்? தினமும் காலையும் மாலையும் அந்தக் குறுகின சாலையில் பதினாறு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். அதில் பெட்டி கிடையாது. இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்தேன், கழுவின தட்டுகள் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். வெளியே மினிபஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, பள்ளி விட இன்னும் கொஞ்ச நேரம்தான். ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல் ஓடினேன். என்ன, எனக்குக் கஸ்டர்ட் எதாவது மிச்சமா என்று சிரித்தார். படியேறி அவருக்கு எதிரே நின்று, என் மூக்கையே பாருங்க, வேற எங்கயும் பார்க்காதீங்க என்றேன். கிண்டல் செய்தபடி பார்த்தார். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினேன். எந்தக் கை ஆடுதுன்னு சொல்லுங்க என்றேன். அவர் என் மூக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். "ஆட்ட ஆரம்பிச்சதும் சொல்லு நெரிஸ்" என்றார்.

கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தேன், அது திடீரென்று எங்கிருந்தோ முளைத்தது போல அவர் தலை பின்னால் போனது. அப்புறம் புரிந்துகொண்டார். முகம் சாம்பல் பூத்துப்போனது. பின்னால் திரும்பிக் காலியான இருக்கைகளைப் பார்த்தார், முன்வரிசையில் யாரோ விட்டுப்போன சின்னக் கையுறை கிடந்தது. இன்ஜினை நிறுத்தி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "எல்லாரும் எங்கிருந்தோ குதிக்கிறானுங்கன்னுதான் நெனச்சேன். சத்தியமா, இந்தக் காலத்து ஆளுங்களே இப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். தலைமை ஆசிரியையிடம் அவரே போய்ச் சொன்னார், என்னைச் சொல்ல விடவில்லை. அன்று பெற்றோர்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வரை பள்ளிக் கேட்டருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் காரணம் சொன்னார். ஒருத்தி கட்டிக்கொண்டாள், ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு பையனை இழுத்துப்போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண் அழுத்த நோயாம், இரண்டு கண்ணிலும். ஓரத்துப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமாம், வலி கிடையாது, நேரே பார்ப்பதெல்லாம் தெளிவாகத் தெரியுமாம், அதனால் போவது போகிறவருக்கே தெரியாதாம். போனது திரும்பாது, சொட்டு மருந்து விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். உன் அப்பா லைசென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். மினிபஸ் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நடந்ததை அப்படியே சொன்னேன், ரத்து செய்யவில்லை, மரெட் மட்டும் ஓட்டின பயணங்களைப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண் என்றாள் அந்தப் பெண். எனக்கு வெட்கமாகிவிட்டது, அன்றே மரெட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அப்பா பெயரை எடுத்ததும் விலை மறுபடி ஏறிவிட்டது. அவள் கூடுதலாக வேலைக்குப் போகிறேன் என்றாள், அவர் கேட்கவில்லை, ஆடு ஏற்றுகிற டிரெய்லரை டெல்வினிடம் விற்று அந்தக் காசைக் கட்டினார். டெல்வின் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டான், வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனான்.

இப்போது அவர் வீட்டில் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். சாமான் அடுக்கின இடத்தையெல்லாம் மாற்றுகிறார், என் சூப்பில் உப்பு பார்க்கிறார். இரண்டு நாள் மரெட் கூப்பிட்டும் அவள் காரில் ஏற மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். இன்று காலையில்தான் மேட்டு நிலத்தில் இணைசேரக் கிடாக்களை விட்ட மந்தையைப் பார்க்க வேண்டும் என்று வாயைத் திறந்தார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். போகும்போது அவர் காலை இல்லாத பிரேக்கில் அழுத்தி அழுத்தித் தரைவிரிப்பே கசங்கிவிட்டது. பாதி வழியில் அவள் வேகத்தைக் குறைத்தாள், ஏன் என்றார். "உங்க பக்கம் வேலியோரமா நம்ம ஆடுங்க நிக்குதுப்பா" என்றாள். அவர் தலையைத் திருப்பவில்லை. "என் பக்கம் என்னென்ன இருக்குன்னு அப்படியே சொல்லிக்கிட்டே வா" என்றார். அவள் மேடு ஏறும் வரைக்கும் வேலி, காய்ந்த செடி, ஆடு, கிடாவின் நெஞ்சில் பூசின சிவப்புச் சாயம் முதுகில் பட்டு இணைசேர்ந்தது எத்தனை, படாதது எத்தனை என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். நான் பின்னால் சத்தம் வராமல் அழுதேன்.

எமிர், இது பரம்பரையாக வருவதாம். பிள்ளைகள் எத்தனை பேர் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். மரெட்டைப் பார்த்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறாள். நீ கையில் ஓடுகிற கத்தரி மெஷினோடு நிற்கிறவன், கொட்டகைக்குக் கொட்டகை வண்டி ஓட்டுகிறவன். எனக்கு நல்லாத்தான் தெரியுதும்மா என்று எழுதாதே, உன் அப்பாவுக்கும் நல்லாத்தான் தெரிந்தது. கத்தரிப்பு முடியட்டும் என்று தள்ளாதே. பக்கத்து ஊருக்குப் போய், கண்ணின் அழுத்தத்தையும் ஓரத்துப் பார்வையையும் பார்க்கச் சொல், என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே தகவல் கொடு, அதுவரை எனக்குத் தூக்கம் வராது. வேளைக்குச் சாப்பிடு, பனியனை ஈரத்தோடு போடாதே. கடவுள் உன்னையும் உன் கண்களையும் காப்பாராக. அப்பாவும் மரெட்டும் அன்பு சொன்னார்கள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா நெரிஸ்