மழை பெய்தால் யார் தலையில்

2005 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கம்பெனிக்காரன் இன்று வீட்டுக்கு வந்தான். அந்தக் கம்பெனி பெயரைப் போட்டு மரக்காணத்தில் கடை திறக்க மகன் முருகன் துடிக்கிறான். முன்பணத்துக்கு என் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டுமாம். ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தமிழ் எழுத்தே அறுபது வயதில் ராத்திரிப் பள்ளியில்தான் வந்தது. அதனால் வாயால் கேட்டேன்.

"ஏம்பா, கடைக்கு வேலையே வராத மாசத்துக்கும் உங்க பேருக்காகப் பணம் கட்டணுமா?"

"ஆமாங்க பெரியவரே. அது மாசாமாசம் கட்டணும்."

நான் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது ஒரு பேச்சு இருந்தது. மழை பெய்து உப்பு கரைந்தால் அந்த மாதக் குத்தகையை முதலாளி கேட்கமாட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருமுறைகூட அவர் மாறிப் பேசியதில்லை. அதைச் சொன்னேன்.

"எங்க தொழில்ல மழையே பெய்யாதுங்க" என்று சிரித்தான். முருகனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் உறுத்துகிறது.

அவன் போனதும் சொன்னேன். "டேய், இந்தப் பக்கத்துல கம்ப்யூட்டர் கெட்டுப்போனா உன்னைத்தானே தேடி வர்றாங்க. அவன் போர்டு எதுக்குடா?"

"பொண்ணு கேட்டுப் போனா மெக்கானிக்குன்னு சொல்றாங்கப்பா. போர்டு இருந்தா ஓனரு."



காலையில் பத்திரம் வேண்டுமாம். கொடுத்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. இதுவரை அவனிடம் முடியாது என்று சொன்னதே இல்லை. இந்த வயதில் அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.