அடியில் ஒட்டிய பாகு

ராய்ஸ்,

நம் சமையலறையில் நான் உருவாக்கிய பானத்தை நீ திருடிவிட்டாய். நாம் இருவரும் வேலை பார்க்கும் லூயிவில் ஓட்டல் பாரில் அது இப்போது உன் பெயரில் விற்கிறது.

நேற்று நான் பாரின் பின்கட்டில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். "உன் பொண்டாட்டிக்கும் இதெல்லாம் வருமா?" என்று மேனேஜர் உன்னிடம் கேட்டார். "அவளுக்குக் கழுவத்தான் சார் வரும்," என்றாய். இருவரும் சிரித்தீர்கள்.

பர்பன் விஸ்கி, எலுமிச்சை, முட்டை வெள்ளைக்கரு, இவை எல்லோரும் போடுவதுதான். சர்க்கரைக்குப் பதில் என் ஊர்ச் சோளப்பாகை ஊற்றியது நான். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், ஆனால் கவனிக்கவில்லை. பாகை முதலில் எலுமிச்சைச் சாற்றில் கரைக்க வேண்டும். நீ ஐஸ் மேல் ஊற்றுகிறாய், அது இறுகிப்போகிறது. நேற்று மட்டும் பதினோரு கிளாஸ்கள் அடியில் பாகு ஒட்டியபடி என்னிடம் வந்தன. சுரண்டிக் கழுவினேன். உன்னிடம் சொல்லவில்லை.

நீ கலந்துகொள்ளும் சனிக்கிழமைப் பானம் கலக்கும் போட்டிக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டேன். அதே பானத்தைத்தான் கலக்கப்போகிறேன். உன்னிடமிருந்து திருடினேன் என்பார்கள். வேலை போனாலும் பின்வாங்க மாட்டேன்.

இது யாருடைய பானம் என்று நடுவர்கள் உன்னிடம் கேட்பார்கள். மேனேஜர் முகத்தைப் பார்க்காமல், இது என் மனைவியுடையது என்று சொல். சொல்வாயா?

உன் மனைவி