ஒக்ஸானா எடுத்த நகல்

பிப்ரவரி 4, திங்கள்

மைனஸ் 31. கார் கிளம்ப அரை மணி ஆயிற்று. அலுவலகம் அதைவிட மோசம்.

மாகாணத்தின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் முழுவதும் இருக்கும் தரவுத்தளம். பதினான்கு வருடமாக நான்தான் அதற்கு பேக்கப் எடுக்கிறேன், வரி வரியாக எழுதி எடுக்கும் முழு நகல். முன்பு மூன்று மணி நேரம் பிடித்தது, இப்போது பத்தொன்பது. திரும்ப ஏற்ற இரண்டு நாள். வேறு முறை வேண்டும், சரி. ஆனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மேலாளர் லோர்னா ஒக்ஸானாவிடம் கொடுத்துவிட்டாள். வந்து எட்டே மாதம் ஆனவளிடம்.

"உனக்கும் பாரம் குறையுமே, வெண்டல்," என்றாள்.

நான் கேட்டேனா?

பிப்ரவரி 5

ஒக்ஸானா வீட்டிலிருந்து பெரோகி கொண்டுவந்தாள், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை. எல்லாரும் அவளைச் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். நன்றாக வேறு இருந்தது.

பிப்ரவரி 7, வியாழன்

அவள் திட்டத்தைப் படித்தேன். ஸ்னாப்ஷாட். வட்டு அந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே உறையவைத்து எடுப்பது. எடுக்க நான்கு நிமிடம், திரும்ப ஏற்ற நாற்பது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மூன்றாம் பக்கத்தில் ஓட்டையைக் கண்டேன். தரவு ஒரு வட்டில் இருக்கிறது. மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் இன்னொரு வட்டில். இரண்டையும் ஒரே நொடியில் எடுத்தால்தான் பொருந்தும். இவள் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை எடுக்கிறாள். அப்படிப் பிரித்து வைத்ததே நான்தான்.

ஒக்ஸானா வந்து கேட்டாள்: "எங்கயாவது இடிக்குதா வெண்டல்? இதோட மூலைமுடுக்கெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

"நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11

வெள்ளிக்கிழமை ஒத்திகை. அவள் எடுத்த நகலை எல்லார் முன்னிலையிலும் உதிரி இயந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பார்கள். நிஜத் தரவுக்கு ஒன்றும் ஆகாது. விழட்டும். லோர்னா பார்க்கட்டும் — என்ன மனுஷன் நான்?

பிப்ரவரி 15, வெள்ளி

விழுந்தது. மூன்று முறை முயன்றும் தரவுத்தளம் எழவில்லை. இதற்காகத்தானே காத்திருந்தேன்?

லோர்னா கேட்டாள்: "இத வெண்டல்கிட்ட காட்டினியா?"

ஒக்ஸானா என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல. காட்டியிருக்கணும். என் தப்பு."

அவளை நடைவழியில் பிடித்து, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்களும் கவனிக்கலேன்னு தெரிஞ்சா பதினாலு வருஷத்தையும் சேத்துப் பேசுவாங்க. விடுங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்."

என்னைக் கெட்டவன் என்று நினைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேலை தெரியாதவன் என்று நினைத்து இரக்கப்படுகிறாள்.

மாலையில் லோர்னா: "செவ்வாயிலேர்ந்து இது திரும்ப உன் பொறுப்பு." வேண்டியது கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 19, செவ்வாய்

இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். "அந்த ரெண்டு வட்டு விஷயம் எனக்கு ஏழாம் தேதியே தெரியும்."

நல்ல மனதால் சொன்னேனா, தெரியாதவன் என்ற பெயர் பொறுக்காமல் சொன்னேனா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

லோர்னா பொறுப்பைத் திரும்ப ஒக்ஸானாவிடமே கொடுத்தாள். ஒக்ஸானா பேனாவை எடுத்தாள். "சரி. ரெண்டையும் ஒண்ணா உறையவைக்கறது எப்படி?" குரலில் கோபம்கூட இல்லை. சொன்னேன், எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 22, வெள்ளி

இரண்டாம் ஒத்திகை. என்னைக் கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு நிமிடத்தில் எழுந்துவிட்டதாம். எல்லாருக்கும் வந்த மின்னஞ்சலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.