பெயர் கேட்ட ராசா

இன்று காலை முள்ளியவளைக் கடையிலிருந்து இவர் புதுக் கிணற்றுக் கயிறு வாங்கி வந்து, வாளித் தண்ணீருக்குள் ஊறப் போட்டார். நனைந்த தென்னந்தும்பின் மணம் குசினி அடுப்படி வரைக்கும் வந்தது. அவ்வளவுதான், கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு வாசலில் போய்க் குந்திவிட்டேன். "என்னப்பா, காய்ச்சலோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? என் சினேகிதியே, நீர் போய்விட்ட சேதி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு கயிற்று மணம் என்னை அந்தக் கோயில் வீதிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. உமக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டீர். பயப்படுவதற்கு இங்கே நான் ஒருத்திதானே மிச்சம்.

வட்டக்கச்சிப் பக்கத்துக் குடியேற்றத்தில், ஓலைக் கூரை போட்ட பள்ளிக்கூடத்தில், அந்த நாளில் நீரும் நானும் உதவி ஆசிரியைகளாக இருந்தோம். ஒரே அறை, ஒரே அடுப்பு. நான் வாய் ஓயாமல் பயந்துகொண்டிருப்பேன். நீர் வாய் ஓயாமல் என்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருப்பீர். அரசாங்கம் எல்லோருக்கும் ஒரே அளவு வயல்தான் கொடுத்திருந்தது. காடு வெட்டும்போது சனம் ஒன்றாய்த்தான் வெட்டியது. யானை வந்தபோதும் ஒன்றாய்த்தான் ஓடியது. கிணறு தோண்டித் தண்ணீர் கண்ட பிறகுதான், யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த சாதி பின்னாலேயே வண்டி பிடித்து வந்து சேர்ந்தது. பொதுக்கிணறு என்று பெயர். ஆனால் சிலர் கயிற்றைத் தொடக்கூடாது. குடத்தோடு ஒதுங்கி நின்று, யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை பரமேஸ்வரியின் தாய் அப்படி நிற்பதை நாம் நாள்தோறும் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று, பெயரை அவள் நம் காதுக்குள்தான் சொன்னாள், ஏதோ திருடிய பொருளைக் காட்டுவதுபோல. அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சாமியின் முழுப்பெயர் வைப்பதைப் பெரியாட்கள் பொறுக்கமாட்டார்கள். கிணற்றடியில் அவளும் "எடியே", மகளும் "எடியே" தான்.

அந்தக் கிணற்றடியிலிருந்து வந்துதான் நீர் அந்த நாடகத்தை எழுதினீர். வெள்ளைக்காரர் நாட்டுப் பழைய கதைபோல ராசா, தேவதை, சாபம் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்றீர். ஒரு ராசா ஊர்க் கிணற்றைச் சுற்றி மதில் கட்டுகிறான். தாகத்தோடு வந்த ஒவ்வொருவரையும் துரத்தத் துரத்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சாண் கீழே போகிறது. என்னவென்று பார்க்க இறங்கிய ராசா, படி உடைந்து உள்ளே விழுந்துவிடுகிறான். அவனைத் தூக்கக்கூடிய கயிறு, மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சிறுமியின் கையில் இருக்கிறது. கிணற்றுத் தேவதையின் சாபம் என்னவென்றால், அந்தச் சிறுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கயிறு நீளும். ராசாவுக்குப் பெயர் தெரியாது. அவன் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளேயிருந்து ஊரைப் பார்த்துக் கத்துகிறான்: "இந்தப் பிள்ளையின் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா?"

"கிணறு எண்டது எங்கட கிணறுதானே?" என்று கேட்டேன். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது.

"கிணறு கிணறுதான். விளங்கிறவைக்கு விளங்கட்டும்."

"விளங்கினால் எங்களை உயிரோட விடுவினமே?"

"விசரி! ராசா எண்டு சொன்னால் ஒருத்தரும் தன்னை நினைக்கமாட்டினம். பக்கத்து வீட்டுக்காரனைத்தான் நினைப்பினம்."

நீர் சொன்னதுபோலத்தான் நடந்தது. பள்ளிக்கூட விழாவில், வயல் செய்யும் கமக்காரர் சங்கத் தலைவர் முன்வரிசைக் கதிரையில் இருந்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ராசாவாக நடித்தவன் அவருடைய மகன். பரமேஸ்வரி கயிற்றோடு நின்றாள். ராசா பெயர் கேட்டதும், நீர் பழக்கிவைத்தபடி பிள்ளைகள் எல்லோரும் "பரமேஸ்வரி!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். தலைவர் அந்தப் பிள்ளையின் முகத்தை அதற்கு முன் எங்கே பார்த்தார்? அப்படி ஒரு பெயர் அந்தச் சாதிப் பிள்ளைக்கு இருக்குமென்று அவருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. யாரோ உத்தியோகத்தரின் மகள் என்று நினைத்துவிட்டார்.

விழா முடிந்ததும் நேரே உம்மிடம் வந்தார். "அந்தத் துருசுக்கார ஐயாவை நல்லாக் கிழிச்சிருக்கிறியள் டீச்சர்!" என்றார். குளத்து மதகான துருசைப் பூட்டி வைத்துக்கொண்டு, வாய்க்காலுக்குத் தண்ணீர் விடாமல் கமக்காரரை அலைக்கழித்த ஒரு அதிகாரி அப்போது இருந்தார் அல்லவா, அவரைத்தான் நீர் ராசாவாக்கியிருக்கிறீர் என்று தலைவருக்குப் பெரிய புளகாங்கிதம். "வாற கிழமை கோயில் திருவிழாவில அவரும் வாறார். இதே நாடகத்தை உள்வீதியில போடுங்கோ. இதே பிள்ளையள். ஒண்டையும் மாத்தவேண்டாம்."

நான் உம்முடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். நீர் "ஓம் ஐயா" என்றீர்.

அந்த ஒரு கிழமையும் நான் சோறு தின்றது பாதி, உம்மோடு சண்டை பிடித்தது மீதி. உள்வீதி கோயில் மதிலுக்கு உள்ளே. பரமேஸ்வரியின் ஆட்கள் அந்த மதிலைத் தாண்டியதில்லை. திருவிழாவைத் தெருவில் நின்றுதான் பார்ப்பார்கள். "அந்தப் பிள்ளையை மாத்தும்," என்று கெஞ்சினேன். "அவளுக்கு அடி விழுந்தால்? அதுகளின்ரை குடிலைக் கொளுத்தினால்?"

"தலைவர் நாடகத்தைத்தானே கூப்பிட்டவர்? நாடகம் எண்டால் அவளும்தான்."

ஆனால் நீர் தாயிடம் போய்க் கேட்டீர். நானும் பின்னால் வந்தேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "பிள்ளைக்கு விருப்பம்," என்றாள். பிறகு, "நீங்கள் பக்கத்தில நிப்பியள்தானே டீச்சர்?" என்று கேட்டாள். நிற்பேன் என்று நீர் சொன்னீர். என்னையும் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன்.

திருவிழா நாள், பொழுது படுகிற நேரம். உள்வீதியில் இரண்டு வேட்டியைக் கட்டித் திரையாக்கியிருந்தோம். காட்போட் மட்டையில் கிணறு. கற்பூர மணத்தோடு, நாம் புதிதாய் வாங்கி நனைத்த கயிற்றின் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. தலைவருக்குப் பக்கத்தில் அந்த அதிகாரி. நாடகம் ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சனத்துக்குள் ஒரு குசுகுசுப்பு ஓடுவதை நான் திரை இடுக்கால் பார்த்தேன். கயிற்றோடு நிற்பது யாருடைய பிள்ளை என்று தாய்மாருக்குத் தெரியும். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தன் மகனின் வாயைப் பொத்தியே விட்டாள்.

ராசா கிணற்றுக்குள் விழுந்தான். "இந்தப் பிள்ளையின் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா?"

ஒரு சத்தமும் இல்லை.

பையன் பாவம், வசனம் பிழைத்துவிட்டதென்று நினைத்து மறுபடியும் கேட்டான். பரமேஸ்வரி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அங்கே இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும். ஐயோ, எனக்கும் தெரியும், வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நீர் என் கையைப் பிடித்தீர். எனக்குத் தைரியம் சொல்லத்தான் பிடிக்கிறீர் என்று நினைத்தேன். உம்முடைய கை ஐஸ்கட்டியாய்க் குளிர்ந்து, வேர்வையில் நனைந்து, என்னுடையதைவிட மோசமாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்போது மதிலுக்கு வெளியே, தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பரமேஸ்வரி! பரமேஸ்வரி எண்டு கூப்பிடு, தம்பி!"

தாய்தான். தலைவரின் மகனைச் "சின்ன நயினார்" என்றுதான் அவர்கள் கூப்பிட வேண்டும். அவள் தம்பி என்றாள். ஊர் முழுக்கக் கேட்டது.

பையனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. விட்ட வசனம் கிடைத்துவிட்ட சந்தோசத்தில் "பரமேஸ்வரி!" என்று கத்தினான். அவள் கயிற்றை எறிந்தாள். அவன் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, நீர் சொல்லிக்கொடுத்தபடியே அவளைக் கும்பிட்டான்.

தலைவர் எழுந்தார். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது நீர் திரைக்கு முன்னால் போய், பரமேஸ்வரியை மறைத்துக்கொண்டு நின்றீர். உம்முடைய சேலைத் தலைப்பு நடுங்குவதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். தலைவர் கிட்ட வந்து, சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் பேசினார்.

"நல்ல கதை எழுதுறியள் டீச்சர். உங்கட பள்ளிக்கூடம் ஓலைக் கூரைதானே? கவனமா இருங்கோ."

மகனை இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் ஐயர் தீட்டுக் கழிக்க மந்திரம் சொல்லி வீதி முழுதும் தண்ணீர் தெளித்ததாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் நான் கூரையைத்தான் தேடினேன். கூரை இருந்தது. பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இருக்கிற ஒரு வாங்கில்கூட ஒருவரும் இல்லை. நாம் இருவரும் அந்த வெறும் வகுப்பில் நின்றோம். தெருவில் சைக்கிள் போனாலே நான் கதவடிக்கு ஓடினேன். "உமக்குப் பயமே இல்லையெண்டு நினைச்சிருந்தன்," என்றேன்.

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?" என்றீர். உம்முடைய குரல் கீறலாய் வந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பரமேஸ்வரி. தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, தனியாக வந்திருந்தாள். வந்து தன் இடத்தில் இருந்தாள். நீர் பெயர் கூப்பிடும் வரவு இடாப்பைத் திறந்தீர். வாயையும் திறந்தீர். சத்தம் வரவில்லை. இரண்டு தரம் முயன்றீர், பிறகு இடாப்பை என் பக்கம் தள்ளினீர். "நீர் கூப்பிடும். எனக்குக் குரல் வரேல்லை."

நான் கூப்பிட்டேன். வராத பிள்ளைகளின் பெயரையும் ஒன்றுவிடாமல், தலைவரின் மகன் பெயரையும், அந்த வெறும் வாங்குகளைப் பார்த்துக் கூப்பிட்டேன். கடைசியாக அவள் பெயர். தெருவில் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்தும், முழுப்பெயரையும் அவர்களுக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன்.

"உள்ளேன் டீச்சர்," என்றாள்.

அந்த மாதமே உம்மைத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் ஏறும்போதும் உம்முடைய கை குளிர்ந்துதான் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்; கடைசிவரை வராதவர்களும் உண்டு. நான் அங்கேயே இருந்தேன், கல்யாணமாகி இங்கே வரும்வரை. இங்கும் ஒரு கிணறு இருக்கிறது. இங்கும் சில பெயர்களைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. காலையில் வகுப்பில் நிற்கும்போது இப்போதும் எனக்குப் பயம்தான். உம்மைப்போல தைரியசாலியாக வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இப்போது அந்த ஆசை இல்லை. உமக்கும் இப்படித்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அது போதும், வாயைத் திறந்து அந்தப் பெயர்களைக் கூப்பிடுகிறேன்.