சீர்வண்டிக்கு வைக்காத கட்டை

அண்ணே,

இன்று காலை தேவாரத்தில் தங்கச்சி வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. அவள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுச் சீராகக் கொடுத்தோமே, அந்த மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கப் போடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்ற வந்தவர்களில் ஒருவர், நான் குரங்கணியிலிருந்து கொண்டுவந்திருந்த ஏலக்காய் மூட்டையைத் தூக்கி, லாரியில் ஏற்றிய வண்டியின் முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். சக்கரம் அழுத்தியதும் வாசனை குப்பென்று வந்தது. மூட்டையை எடுக்கச் சொல்லி நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. வயதானாலும் என் தொண்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் வாடகைக்கு ஓட்டிய ஜீப்பின் சீட்டுக்கடியில் எப்போதும் முக்கோணமாய் அறுத்த பலாக்கட்டைகள் கிடக்கும். குரங்கணிச் சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைப்பீர்கள், சரி. போடி பஸ் ஸ்டாண்டில், பளிங்கு உருட்டினாலும் ஓடாத சமதரையில் நிறுத்தினாலும் வைப்பீர்கள். ஜீப்பு உங்களை விட்டு ஓடிப்போகப் பார்க்கிறதா என்று நானே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கட்டையைக் காலால் இன்னொரு தட்டுத் தட்டுவீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. தங்கச்சி கல்யாணத்தை நான் ஒருத்தியே எடுத்து நடத்தினேன். பொம்பளை நடத்துகிற கல்யாணம் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் நாலு பேரிடம் சொல்லியிருந்தது என் காதுக்கும் வந்திருந்தது. சீர் வண்டியில் மாப்பிள்ளைக்கு முந்தி யாரும் ஏறி ஓட்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால்தான் குரங்கணியில் எங்கள் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்ட புது வண்டியை, உங்கள் ஜீப்பின் பின்னால் டிரெய்லரில் ஏற்றி தேவாரம் வரைக்கும் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

நீங்கள் கட்டையை எடுத்தீர்கள். அதில் கிரீஸும் கரியும் அப்பியிருந்தது. புது டயரில் அந்தக் கறை பட்டால் பழைய வண்டி என்று சொல்லிவிடுவார்களே என்று எனக்குப் பதற்றம். போகிற வழியில் போடியில் இறக்க வேண்டிய ஏலக்காய் மூட்டைகள் நாலு இருந்தன. அவற்றை முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்தால் மெத்தை மாதிரி இருக்கும் என்றேன்.

"காஞ்ச காயி தாயி. குலுங்கக் குலுங்க அமுங்கிப் போகும். கட்டைன்னா வச்ச எடத்துல நிக்கும்."

"எங்க வீட்டுச் சீரு. நான் சொன்னபடி ஏத்துங்கண்ணே."

ஏற்றினீர்கள். கயிற்றை மட்டும் இரண்டு சுற்று கூடுதலாகக் கட்டினீர்கள். ஆறாவது வளைவோ ஏழாவது வளைவோ, பின்னால் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் மூட்டைகள் அமுங்கி, கயிறு தொய்ந்து, வண்டி டிரெய்லரின் பக்கத் தகட்டில் சாய்ந்து கிடந்தது. முன் மட்கார்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். நீங்கள் சீட்டுக்கடியிலிருந்து கட்டைகளை எடுத்துவந்தீர்கள். முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டை, பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கட்டை வைத்து, இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்துக் கட்டினீர்கள். அதன் பிறகு தேவாரம் வரைக்கும் வண்டி இம்மியும் அசையவில்லை.

தாய்மாமன் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கீறல்தான். யார் ஓட்டிக் கீழே போட்டது என்று கேட்டார். சீர்த்தட்டோடு நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முன்னால் வந்துவிட்டீர்கள்.

"யாரும் ஓட்டலங்கய்யா. தப்பு என்னோடது. கட்டை வைக்காம ஏத்திட்டேன்."

கூட்டத்தின் நடுவில் உங்களை அவர் பேசிய பேச்சு இன்றும் என் காதில் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் நிஜம். மீதி என் வீம்பு. அந்த வருடம் முழுக்கத் தேவாரம் பக்கம் யாரும் உங்களைச் சவாரிக்குக் கூப்பிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தரம் பேச்சை எடுத்தேன். "ஏத்துனது நான்தான தாயி. நீ சொன்னாலும் நான் வச்சிருக்கணும்" என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். நீங்கள் இறந்த அன்றும் நான் வந்தேன், அழுதேன், சொல்லாமலே திரும்பினேன்.

இன்று காலை ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியபோது பொறுக்கவில்லை. லாரிக்காரர்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் தங்கச்சி மாப்பிள்ளையிடம் சொன்னேன். அன்று சீர் வண்டிக்குக் கட்டை வேண்டாமென்றது நான்தான், ஜீப்பு அண்ணன் இல்லை என்றேன்.

"தெரியும் மதினி" என்றார் அவர். "எங்க வாசல்ல, சமதரையில நின்ன ஜீப்புக்கே இறங்குன ஒடனே கட்டை வச்ச மனுசன். புது வண்டிக்கு மறந்துட்டேன்னா நான் நம்புவனா? மறுநாளே அவருட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அந்த ஆத்தா ஒரு நாளைக்குத் தானா வந்து சொல்லும், அதுவரைக்கும் நீங்க கேக்காதீகன்னாரு."

நாற்பது வருடம், அண்ணே. அவர் என்னிடம் கேட்கவே இல்லை. நீங்கள் என்மேல் வைத்த நம்பிக்கை சரிதான், நான்தான் பிந்திவிட்டேன். லாரிக்காரர்கள் இரண்டு பேருக்கும் உங்கள் பேரைச் சொல்லி, முழுக் கதையையும் சொன்னேன். இனி தேவாரத்தில் யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பிறகு தங்கச்சி வீட்டு விறகுக் கொட்டகையிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்துவந்து, லாரியில் ஏறி, முன்சக்கரத்துக்கு ஒன்றும் பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக நானே வைத்தேன். உங்களைப் போலக் காலால் இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு, கையால் வண்டியை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.