மாடி அறை இருந்தது

9 நவம்பர் 1977, புதன்

ஆமாம், விரிசல்தான். பூச்சு வெடிப்பென்று இனிச் சொல்ல முடியாது. மேற்குச் சுவரில், என் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, ஜன்னல் மூலையில் தொடங்கிக் கூரை வரை போகிறது. சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது. போன மாதம் நகம்கூடப் போகவில்லை.

அம்மா மாடிக்கு வந்து பார்த்தாள். தங்கச்சாமி கொத்தனாரைக் கூப்பிடலாமா என்றேன்.

"அத்தா வரட்டும்."

என் தகப்பனார் பினாங்குக்குப் போன இந்த இருபத்தோரு வருஷமாக வீட்டில் எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். வாசல் கதவுக்கு வர்ணம் — அத்தா வரட்டும். கிணற்றுக் கப்பி — அத்தா வரட்டும். நான் மேலே படிப்பதா வேண்டாமா என்பதற்கு மட்டும் காத்திருக்க முடியவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருந்தது. சாதிக் அண்ணன் கையெழுத்துப் போட்டான். அப்படி வந்ததுதான் என் எம்.ஏ.

இந்த முறை அத்தா உண்மையாகவே வருகிறார். நேற்றுப் பினாங்கிலிருந்து கடிதம். மார்ச்சோடு கடை வேலையை விட்டுவிடுகிறாராம். 'இனிப் போவதாக இல்லை' என்பது கடைசி வரி. மாடி அறை அவர் அனுப்பிய முதல் பணத்தில் எழும்பியது. இதுவரை நான்கு முறை வந்திருக்கிறார். மொத்தம் எத்தனை நாள் அந்த அறையில் தூங்கியிருப்பார்?

அம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் வாசிக்கத் தெரியாது. கடிதத்தை நான்தான் வாசித்தேன். கேட்டுவிட்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு அவர் வருவது வேண்டாம். 'வரட்டும்' என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஒருவர் வராமல் இருக்க வேண்டும்.

10 நவம்பர்

இலை அசையவில்லை. ரேடியோ புயல் என்கிறது. நம்ப முடியவில்லை.

12 நவம்பர், சனி

ஒழுங்காக எழுத வேண்டும்.

விடிந்ததிலிருந்து காற்று. நான் மாடியில் கட்டிலில் படுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஏன் அந்தக் காற்றில்? தெரியவில்லை. பிடிவாதம். கீழேயிருந்து அம்மா கத்தினாள்.

"சரபு, இங்குட்டு வாடி! கொல்லைக் கதவு நிக்க மாட்டேங்குது, வந்து புடி!"

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மறுபடி கூப்பிட்டாள். பக்கத்தின் மூலையை மடித்து வைத்து, முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. ஏழு இருபது.

அப்போது.

சத்தம் நினைவில் இல்லை. அது எப்படி இல்லாமல் போகும்? தரை ஆடியது. அம்மாவின் வாய் திறந்திருந்தது. மாடிப்படி வழியாகச் சிவப்புத் தூசி இறங்கி வந்தது, மெதுவாக, ஒரு ஆள் இறங்கி வருவது போல.

மேற்குச் சுவர் முழுக்க உள்பக்கமாக விழுந்திருக்கிறது. அதன்மேல் கூரை ஓடுகளும் மரச்சட்டமும். கட்டிலின் இரும்பு 'வ' எழுத்துப் போல வளைந்துவிட்டது. தலையணை இருந்த இடத்தில் செங்கல், இடுப்பளவு. மற்ற மூன்று சுவர்கள் நிற்கின்றன. மழை நேராக உள்ளே பெய்கிறது.

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் நன்றாக இருந்திருந்தால்.

அதுவும் அத்தா வரட்டும் என்று விட்டதுதான்.

13 நவம்பர்

அம்மா போகும்போதும் வரும்போதும் என் தலையைத் தொட்டுப் பார்க்கிறாள்.

15 நவம்பர்

சாதிக் அண்ணன் திருப்பத்தூரிலிருந்து சைக்கிளில் வந்தான். வழியெல்லாம் மரம், பஸ் இல்லை. அவன் ஜவுளிக்கடையிலும் தண்ணீர். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் கடைக்குக் கடன் கொடுத்தபோது பாங்க்கில் இந்த வீட்டை இன்சூர் செய்ய வைத்தார்களாம். புயலும் அதில் சேர்த்தி. மதுரை ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டான். ஆபீசர் ஒருவர் பார்க்க வருவார்.

"பணம் வந்தா மாடியக் கட்டிரலாம். வரலைன்னா அத்தாவ இன்னும் ரெண்டு வருசம் அங்கனயே இருக்கச் சொல்ல வேண்டியதுதான். என்கிட்ட என்ன இருக்கு?"

அம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்று, பிறகு போட்டது.

17 நவம்பர்

நம்ப முடியாதது: அம்மா தானே ஆள் அனுப்பித் தங்கச்சாமியை வரவழைத்தாள்.

"மூணு சுவரு நல்லாத்தானே தாயி நிக்குது. அதையுமா?"

"நின்னுக்கிட்டு யாரு தலையில விழுகணும்? இடி."

"ஐயா வரட்டும்னு சொல்வீகளே..."

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஏணியை எடுத்துக்கொண்டார். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை.

19 நவம்பர்

பள்ளிவாசல் தெருவில் முழங்கால் சேறு. செவ்வாய் ஹஜ்ஜுப் பெருநாள். "தொழுகப் போறவுக சகதிய மிதிச்சுக்கிட்டா போவாக?" என்று அம்மா மாடியில் கிடந்த செங்கல், ஓடு, காரை அத்தனையையும் மாட்டு வண்டியில் ஏற்றித் தெருவுக்கு அனுப்பினாள். கட்டிலைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனான். தங்கச்சாமி அறையின் தளத்தை மட்டம் செய்து சாந்து பூசிவிட்டார். இப்போது அது வெறும் மொட்டை மாடி.

பெருநாளுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பது வழக்கம். அடித்தோம். வெள்ளையடிக்கிற மட்டையை நானும் பிடித்தேன். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்தது நான்தான்.

22 நவம்பர்

பெருநாள். என் அறையின் மேல் நடந்து தொழுகைக்குப் போனார்கள்.

24 நவம்பர், வியாழன்

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். நாற்பது வயது, குடை, தோல் பை. அண்ணன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தான். அம்மா கதவோரம் நின்று என்னிடம் தட்டு தட்டாகக் கொடுத்தனுப்பினாள். அவர் சாப்பிட்டார். சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"வீடு ரொம்பச் சுத்தமா இருக்கு. புயலடிச்ச வீட்டுக்கு எப்பப் போறோம்?"

"இதுதான் சார்," என்றான் அண்ணன்.

மாடிக்கு ஏறினோம். வெயில். வெள்ளைக் கைப்பிடிச்சுவர். கொடியில் அம்மாவின் சேலை.

"மாடி அறைன்னு எழுதியிருக்கீங்க. எங்க?"

"விழுந்திருச்சு சார்."

"விழுந்தது எங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. பெருநாள் அன்று அவனும் இதே மாடியில் நின்று, "நல்லாப் பூசியிருக்காரே" என்றவன்தான்.

"தெருவுல," என்றேன்.

சர்வேயர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "புயல் வந்துச்சு, எனக்குத் தெரியும். அதுலதான் உங்க ரூம் விழுந்துச்சா, அதுக்கு முன்னாடியே நீங்களா இடிச்சீங்களாங்கறதுதான் கேள்வி. செங்கல் இல்லை. சுவர் இல்லை. நான் என்னன்னு எழுத?"

கீழேயிருந்து அம்மாவின் குரல், அண்ணனுக்கு: "ஏம்ப்பா, வீட்டுக்குப் பெரிய மனுசர் வாராகன்னா குப்பையோடயா காட்டுவாக?"

ஒரு சின்னப் பிழைகூட இல்லை. எல்லாம் முறைப்படி. பெருநாள், வெள்ளை, விருந்தாளி. அப்படியே எங்கள் கையால் எங்கள் அறையை இல்லாமல் ஆக்கிவிட்டோம். படித்தவள் ஒருத்தி நீலம் கலந்தாள்.

அக்கம்பக்கத்தாரைக் கேட்கச் சொன்னான் அண்ணன். தெருக்காரர் வாய்வார்த்தை ஆபீசில் நிற்காது என்றார் சர்வேயர். போட்டோ? இல்லை. "அன்னைக்கே எழுதினது ஏதாவது இருக்கா? தந்தி, கடுதாசி?"

"இவ தெனமும் நோட்டுல எழுதுவா சார்!"

அண்ணன் அதை எப்படிச் சொன்னான் — எனக்கு ஒரு வியாதி இருப்பதைச் சொல்வது போலத்தான் வழக்கமாகச் சொல்வான். இன்று பெருமையாக.

சர்வேயர் குடையைக் கீழே வைத்தார். "பன்னண்டாம் தேதி எழுதியிருக்கா?"

"இருக்கு."

"திங்கக்கிழமை மதுரைக்குக் கொண்டு வாங்க. முழு நோட்டு. தனித் தாள் செல்லாது."

27 நவம்பர், ஞாயிறு

மத்தியானம் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி. விரிசல். என் கையெழுத்தில், தேதியோடு.

அண்ணன் சொன்னான்: "அந்தத் தாள மட்டும் கிழிச்சிரு. விரிசல் இருந்துச்சுன்னா ஒத்தப் பைசா தர மாட்டாங்க."

கிழிக்கத்தான் பார்த்தேன். இதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் தேதித் தாளை அடியில் பிடித்து இழுத்தபோது நூல் தளர்ந்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தாள் கூடவே எழுந்து வந்தது. பன்னிரண்டாம் தேதி. இரண்டும் ஒரே தாளின் இரண்டு பாதி, நடுவில் மடித்துத் தைத்திருக்கிறார்கள். சுவர் விழுந்ததை வைத்துக்கொண்டு விரிசலை மட்டும் எடுக்க முடியாது. விட்டுவிட்டேன்.

அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"என்னதான் எழுதியிருக்க? வாசி."

வாசித்தேன். விரிசல், அத்தா வரட்டும், கப்பி, கடிதம். ஓர் இடத்தில் நிறுத்தி, அடுத்த தேதிக்குத் தாவினேன்.

"கண்ணு நின்ன எடத்த வாசி."

"அங்க ஒண்ணும் இல்லைம்மா."

"எனக்கு எழுத்துத் தெரியாது. ஒன் மொகம் தெரியும். வாசி."

அம்மாவுக்கு அவர் வருவது வேண்டாம். வாசித்தேன். என் குரல் எனக்கே யாரோ போலக் கேட்டது.

முறம் நின்றது.

"இதையும் அந்த ஆபீசர் படிப்பாகளா?"

"படிப்பார்."

"படிக்கட்டும். எழுதுனவளுக்கு இல்லாத வெக்கம் எனக்கு எதுக்கு?"

எழுந்து போய்விட்டாள். சாயந்திரம் வரை அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம். அத்தனை பாத்திரம் இந்த வீட்டில் இல்லை.

28 நவம்பர்

(தனித் தாளில் எழுதுகிறேன். நோட்டு மதுரையில்.)

சர்வேயர் பன்னிரண்டாம் தேதியை முதலில் படித்தார். பிறகு முன்னால் புரட்டினார்.

"நூல் லூசா இருக்கே. உருவப் பார்த்தீங்களா?"

"ஆமாம்."

ஒன்பதாம் தேதியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"தலைமாட்டுக்கு மேலயா?"

"ஆமாம்."

"அன்னைக்குக் காலைல அங்கயா படுத்திருந்தீங்க?"

"ஆமாம்."

பேனாவை மூடினார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான், பதினாறு நாள் கழித்து, சுவர் விழுந்த அந்தச் சத்தம் கேட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தண்ணீர் வரவழைத்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

11 ஜனவரி 1978

ரிஜிஸ்தர் தபால். 'அறை புயலன்று விழுந்தது ஏற்கப்படுகிறது. எனினும் சுவரில் முன்னரே குறை இருந்து, உரிமையாளருக்குத் தெரிந்தும் சீர்செய்யப்படாததால்...' இல்லை என்பதைச் சொல்ல இவ்வளவு நீளம்.

கூடவே நோட்டு. 'சுண்டுவிரல் நுனி' என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. அம்மாவைப் பற்றிய வரியில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் அறை இருந்தது. அதற்கு முத்திரை குத்திய சான்று வந்துவிட்டது. அறைதான் இல்லை.

அண்ணன் அத்தாவுக்கு எழுதப்போகிறான், இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி. அம்மா அவனைத் தடுக்கவில்லை. நான் நினைத்துக்கொண்டேன்: சரிதான். அம்மாவைப் பற்றி அன்று எழுதியது சரியாகத்தான் இருக்கிறது.

12 ஜனவரி

காலையில் அம்மா வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராம் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள். எப்போது, யாரிடம் சொல்லி வாங்கினாள்?

"எழுது. மாடி ரூமு புயல்ல விழுந்திருச்சு. இன்சூரன்சுல ஒண்ணும் தரலை. சாதிக் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லி எழுதுவான். அதக் கேக்காதீக. மார்ச்சுல வந்துருங்க."

எழுதினேன்.

"படுக்க எடமில்லையேன்னு நெனைக்காதீக. மொட்டை மாடி கெடக்கு. காத்து நல்லா வருது."

"வேற?" என்றேன்.

வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சுவத்துல விரிசல் இருந்துச்சு. ஒங்க மக தலைக்கு மேல. நான் கண்ணால பாத்தேன். நீங்க வரட்டும்னு விட்டேன். இனிமே எதையும் அப்புடி விட மாட்டேன். தாழ்ப்பா மாத்தியாச்சு, கப்பி மாத்தியாச்சு. இங்க ஒங்களுக்குன்னு ஒரு வேலையும் பாக்கி இல்லை. அதனால வாங்க."

என் கை நின்றது.

"என்னடி, எழுதிட்டியா? மொதல்ல இருந்து வாசி."

வாசித்தேன். ஓரிடத்திலும் தாவவில்லை. 'அதனால வாங்க' என்ற இடத்தில் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

ஏரோகிராமை ஒட்டி எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் தெரு வழியாக, செங்கல் மேலேயே நடந்து, தபாலாபீசில் போட்டேன். திரும்பும் வழியில் தங்கச்சாமி வீட்டில் எங்கள் கொல்லையில் சாத்தியிருக்கும் அவர் ஏணிக்கு இனி வேலை இல்லை, கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.