சுண்டிப் பார்த்த போத்தல்

2025 பெப்ரவரி 3
டின் விற்கும் திவாகரன் இன்றும் வத்தேகமத் தொழிற்சாலைக்கு வந்தார். எங்கள் இஞ்சிச் சோடாவைக் கண்ணாடிப் போத்தலிலிருந்து அலுமினிய டின்னுக்கு மாற்ற வேண்டுமாம். பாரம் குறைவு, லொறியில் கூடுதலாக ஏற்றலாம். வெளிச்சம் புகாது, சுவை கெடாது. சுற்றிவரப் பெயர் அச்சிடலாம். கடைத்தட்டில் எட்டத்திலேயே தெரியும். உருக்கி உருக்கித் திரும்பப் பாவிக்கலாம். உடையாது. விற்பவர் வாயில் எந்தப் பொருளுக்குத்தான் குறை இருந்தது?

தரம் பார்க்கும் அதிகாரி நான் என்பதால், முதலாளி றவூப் ஹாஜியார் என் அறிக்கையைக் கேட்டார். திரும்பிவரும் போத்தல்களே போதும், ஞானேஸ்வரியின் சோதனை நம்பகமானது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கழுவிய ஒவ்வொரு போத்தலையும் அவள் விரலால் சுண்டிக் கேட்பாள். கீறல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். பன்னிரண்டு வருடங்களில் ஒன்றையும் தவறவிட்டதில்லை.

பெப்ரவரி 11
வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை இன்னும். அதில் ஞானேஸ்வரியின் இரத்தம்.

கரண்ட் இல்லை. அவள் சுண்டும் மேசைக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடியது. "மிஸ், இந்தச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல," என்றாள். "பார்த்துச் செய்ங்க, லொறி நிக்குது," என்றேன். நான்தான் சொன்னேன். காஸ் ஏற்றும்போது, அவள் பார்த்து அனுப்பிய போத்தல் ஒன்று அவளுக்கு எதிரிலேயே வெடித்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினாள். விரலிடுக்குகளில் சிவப்பும் சோடா நுரையும்—

பெப்ரவரி 12
இடது கண் போய்விட்டது.

பெப்ரவரி 14
"அவளுக்குக் காது சரியில்லண்டு எழுதுங்கோ மிஸ்," என்கிறார் ஹாஜியார். "டின்னுக்கு மாறுவம்ண்டு நான் கேட்ட நேரம் நீங்கதானே வேணாம்ண்டீங்க."
எழுதவில்லை. மறுக்கவும் இல்லை. என்ன மனுஷி நான்?

பெப்ரவரி 17
அவள் காதில்தான் பிழை என்ற பேச்சு அதற்குள் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவள் தம்பி அழகமுத்து வந்தான். வாசலில் அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து ஒரு போத்தலை உருவிச் சுவரில் அடித்தான். கையில் கழுத்து மட்டும். "எங்கக்காவுக்குக் காது கேக்காதாம்ல. எவன்டா சொன்னது?" தடுக்கப்போன மேற்பார்வையாளர் ஹபீலின் முன்கை பிளந்தது. வெள்ளையாக ஏதோ தெரிந்தது, எலும்பா?

பிறகு என்னிடம் வந்தான். கண்ணாடி முனை என் தொண்டைக்கு ஒரு சாண் தூரத்தில். அதில் எங்கள் லேபல் தொங்கியது.
"நீங்க சொல்லுங்க மிஸ். படிச்சவங்கதானே."
"ஞானேஸ்வரிட காதில பிழையில்ல. கேக்குதில்லண்டு என்னட்ட சொன்னா. நான்தான் செய்யச் சொன்னது."
குத்துவான் என்றுதான் நின்றேன். கை தாழ்ந்தது. அந்த நொடியில் லொறிக்காரர்கள் அவன்மேல் விழுந்தார்கள். விழுந்தவனைப் பூட்ஸ் காலால் வாயில், விலாவில், மறுபடி வாயில் மிதித்தார்கள். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். யாரும் நிறுத்தவில்லை.

பெப்ரவரி 18
புதிய அறிக்கை. டின்னுக்கு மாற ஒரே காரணம் எழுதினேன்: உடையாது. மற்ற நன்மைகளைத் திவாகரன் சொல்லிக்கொள்ளட்டும். கீழே விபத்து நடந்த விதம், யார் உத்தரவு என்பது, என் பெயர். ஒரு பிரதி தொழில் திணைக்களத்துக்கு.

செப்டம்பர் 8
டின்னுக்கு மாறியாயிற்று. ஹாஜியார் என் முகம் பார்ப்பதில்லை. அழகமுத்து இன்னும் மறியலில், சிறைக்குள். ஞானேஸ்வரி டின் மூடும் வரிசையில் நிற்கிறாள், என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேச்சு.

இன்று நிரப்பிய டின் ஒன்று மேசையிலிருந்து விழுந்தது. ஹபீலும் நானும் கண்ணைப் பொத்திக்கொண்டோம். அது நசுங்கி, உருண்டு, அவள் காலடியில் நின்றது. எடுத்தாள். பழக்கத்தில் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, கழிவுப் பெட்டியில் போட்டாள்.

"கைய எடுங்க மிஸ்," என்றாள். "ஒண்ணும் ஆகல."